டப்பாவில் இருந்த பிடி அரிசி

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைப்பது வழக்கம். கருணாபுரத்தில் சனிக்கிழமைதோறும் அதை வீடு வீடாகப் போய் வாங்கி வருவது என் வேலை.

அன்று, புருஷனைப் பறிகொடுத்து ஒரு மாதமே ஆகியிருந்த மேரியக்கா, "வூட்ல அரிசியே இல்லமா. இன்னா பண்றதுன்னே தெரியல" என்றார்.

"கர்த்தர் பாத்துக்குவாருக்கா. ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனவர், டப்பாவோடு வந்து காணிக்கை அரிசியை, மற்ற வீடுகளில் வாங்கிய அரிசியால் நிறைந்து என் இடுப்பில் கனத்த பையில் கொட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஆராதனைக்கு அவர் வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.

"அந்த டப்பா அரிசியையாவது பொங்கியிருக்கலாமேக்கா?"

"கர்த்தருக்குன்னு எடுத்து வெச்சத எப்டிமா துன்றது?"

அவருடைய ஜெபத்துக்குப் பதில் முந்தின நாளே அவர் வாசலுக்கு வந்திருந்தது. அதை இடுப்பில் சுமந்துகொண்டு திரும்பிப் போனவள் நான்தான்.