நரேனுக்கு வாய்த்த வக்கீல்

"நீ பக்கத்துல இல்லேன்னா இவன் தண்ணி எப்படிக் கேப்பான்?"

பேச்சுப் பயிற்சி தரும் ஷிப்ரா-தி, அதாவது ஷிப்ரா அக்கா, வங்க மொழியில் இப்படிக் கேட்டபோது மேக்னாவிடம் பதில் இல்லை. பேச்சுப் போட்டியில் மூன்று கோப்பைகள் வாங்கி, பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தவளுக்கு அது பெரிய அவமானம்.

அது 2003. வங்காளத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பம். அப்பாவுக்குக் கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில் வேலை. எட்டு வயதுத் தம்பி நரேனுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. வாரம் இரண்டு நாள் அவனை டாக்குரியாவிலிருந்த பயிற்சி மையத்துக்கு மினிபஸ்ஸில் அழைத்துப் போவது மேக்னாதான். அவன் கூஜாவைப் பார்த்தால் தண்ணீர் தருவாள். கதவைப் பார்த்தால் செருப்பை எடுப்பாள். அவன் எதையும் கேட்க வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பெயர் பாசம் என்று நினைத்திருந்தாள்.

ஷிப்ரா-தியோ தண்ணீரை உயரத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை நரேன் முன்னால் வைப்பார். அவன் அதை எடுத்து அவர் கையில் கொடுக்கும்வரை காத்திருப்பார். ஐந்தாவது வாரம் நரேன் பத்து நிமிடம் விடாமல் கத்தினான். மேக்னா நாற்காலியில் ஏறித் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். அப்போது வந்ததுதான் அந்தக் கேள்வி. அதன் பின்னாலேயே, "வெளியே போய் உக்காரு."

அன்றே ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் புகார் எழுதினாள். 'கொடூரம்' நான்கு இடத்தில் வந்தது.

"ஏண்டி, கத்தினது நம்ம நரேன்தானே? அந்தப் பொண்ணு பேசாமத்தானே உக்காந்திருந்தா?" என்றாள் அம்மா ஜலஜா.

"இது உரிமைப் பிரச்சினை, உனக்குப் புரியாதும்மா."

அப்பா இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

மையம் ஆளை மாற்றியது. புதியவர் சிரித்த முகம். நரேனுக்கு மிட்டாய், மேக்னாவுக்கு, "மத்ராசிப் பொண்ணு இவ்வளவு அழகா பெங்காலி பேசுறாளே!" தம்பிக்குப் பொருத்தமான ஆள் இவர்தான் என்று அவள் முடிவுகட்ட அது போதுமாயிருந்தது. மூன்று மாதம் போனது. நரேன் எதையும் கேட்கவில்லை. மேக்னா நிறையப் பேசினாள்.

பூஜை விடுமுறை முடிந்த வாரம், தாழ்வாரத்தில் நரேன் அவள் கையை உதறிவிட்டு ஷிப்ரா-தியின் அறைக்குள் ஓடினான். சுவரில் இருந்த அட்டைகளில் தண்ணீர்ப் படத்தைப் பிய்த்து, அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். அவர் தண்ணீர் கொடுத்தார். வாசலில் நின்ற மேக்னாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது ஷிப்ரா-தியிடம் இடம் காலியில்லை; பதினோரு பிள்ளைகள் காத்திருந்தார்கள். மேக்னா மூன்று நாள் மையத்துக்கு நடையாய் நடந்தாள்.

"அன்னிக்குக் கொடூரம்னு எழுதினியே?" என்றார், எல்லாரும் மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடும் மையத்தின் பொறுப்பாளரான அம்மாள்.

"எனக்குத் தெரிஞ்ச பெரிய வார்த்தை அதுதான், மாஷிமா."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மறுநாள் ஷிப்ரா-தியே கூப்பிட்டனுப்பினார். "சனிக்கிழமை, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, காலை ஏழு மணி. சம்மதமா?"

மேக்னா சம்மதம் தெரிவித்துச் சொற்பொழிவைத் தொடங்கினாள். தன் தவறு என்ன, அது எங்கே ஆரம்பித்தது, இனிமேல் எப்படி...

"நீ வெளியே இருக்கணும்," என்றார் அவர்.

சனிக்கிழமை உள்ளே நரேன் கத்தினான். மேக்னா பெஞ்சிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். எதிரே இருந்த பெரியவர், கழிப்பறை இடதுபக்கம் என்று அன்போடு சொன்னார். நன்றி சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். கதவைத் திறக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளையும், அவனுக்காக எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் ஒரு அக்காவும் இருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அக்கா கோபித்துக்கொள்வாள். இருந்தாலும் சொல்லுங்கள்.