மஞ்சள் என்று தட்டினால் வரும் முகவரி

போன வாரம் கம்ப்யூட்டரில் மளிகைப் பட்டியல் தட்டிக்கொண்டிருந்தேன். மல்லி, மிளகு என்று ஆங்கில எழுத்தில்தான் தட்டுவது. தமிழில் தட்டப் பொறுமை இல்லை. அடுத்து மஞ்சள் என்று தட்டி இடம் விட்டேன். மஞ்சள் மறைந்துபோய், அந்த இடத்தில் நீளமாக ஒரு ஈமெயில் முகவரி வந்து நின்றது. பின்னாலிருந்து பார்த்த மனைவி, "யாருதுங்க இது?" என்றாள். தெரியவில்லை என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. அவள் நம்பவில்லை என்பது அன்றைக்குச் சாம்பாரில் தெரிந்தது.

எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும். என் இருபத்திரண்டாவது வயதில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் எனக்கும் ஜெயந்திக்கும் ஒரே வேலை: வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஈமெயில் அனுப்புவது. ஜெயந்தி திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருவாள். என்னைவிட ஒரு வயது பெரியவள், பத்து மடங்கு கெட்டிக்காரி. நான் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டி, எப்படியும் ஒரு புள்ளியை விட்டுவிடுவேன். பார்த்துச் சலித்துப்போன அவள், நாங்கள் கடிதம் தட்டும் எடிட்டரில் சுருக்கங்கள் போட்டு வைத்தாள். சின்னதாக ஒரு சொல்லைத் தட்டி இடம் விட்டால் முழு முகவரியும் வந்து விழும். அந்தச் சொல் ஆளின் பெயர் இல்லை. அவர் முதலில் எடுத்த புடவையின் நிறம். கிளிப்பச்சை என்றால் சிங்கப்பூர் டீச்சர். மாம்பழம் என்றால் லண்டன் டாக்டரம்மா.

"பேரு மறந்துடும்பா. பொடவ மறக்காது" என்பாள். எங்கள் கடையில் அதுதான் வழக்கமும். வாடிக்கையாளரை யாரும் பெயர் சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை. புதுப் பட்டின் வாசனை அடித்தால் இன்றைக்கும் எனக்குக் கீபோர்டு சத்தம்தான் ஞாபகம் வருகிறது. பட்டு நகரத்தில் பிறந்தவன் சொல்லக்கூடாத பேச்சு. எங்கே விட்டேன்? ஆங், புடவை நிறம். அரக்கு நிறத்தில்தான் வினை வந்தது.

ஒரே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் எங்களிடமே புடவை சொல்லியிருந்தார்கள். இரண்டு வீடும் அரக்கு. ஜெயந்தி மாப்பிள்ளை வீட்டுக்கு அரக்கு என்றும், பெண் வீட்டுக்கு இடம் விடாமல் அரக்கு2 என்றும் சுருக்கம் போட்டிருந்தாள். பெண்ணின் அம்மா, மாப்பிள்ளை வீட்டுப் புடவை எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார். முதலாளி சொல்லச் சொல்ல நான் பதில் தட்டினேன்: அவர்கள் எடுத்தது சுமார்தான் அம்மா, உங்களுக்கு அதைவிட உசத்தியாகவே நெய்து தருகிறோம். முகவரியில் அரக்கு என்று தட்டினேன். இரண்டைத் தட்ட மறந்தேன்.

கடிதம் நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மறுநாள் போனில் அவர்கள் போட்ட சத்தம் கீழே கல்லா வரைக்கும் கேட்டது.

முதலாளி மாடிக்கு வந்தார். "யாரு கம்ப்யூட்டர்ல இந்தக் கலர் கணக்க ஆரம்பிச்சது?"

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றாள்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்மா."

தட்டினது நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா, முதலாளி பார்த்த பார்வையா? இத்தனை வருடம் கழித்தும் எனக்கே புரியவில்லை.

மறுநாள் காலை வந்தாள். கடையில் கொடுத்த சீருடைப் புடவைகளைத் துவைத்து மடித்து ஒரு பையில் போட்டு மேசைமேல் வைத்தாள். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் என்னவோ தட்டினாள். "லிஸ்ட்ட மட்டும் அழிச்சிடாதபா" என்றாள். படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் ஒருமுறை திருப்பருத்திக்குன்றம் போனேன். ஜைனக் கோயில் வரைக்கும் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பினேன், அவ்வளவு தைரியசாலி. அடுத்த முறை போனபோது அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடையை விட்டு வந்த பிறகும் பட்டியலை மட்டும் நான் அழிக்கவில்லை. கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் திறந்துகூடப் பார்க்காமல் அதையும் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் மஞ்சள் என்று யாருமே கிடையாது. அன்றைக்கு அவள் தட்டியது இதுதானோ என்னவோ. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி, மஞ்சள் என்று தட்டி அனுப்பினேன். உடனே திரும்பி வந்துவிட்டது. அந்த ஈமெயில் கம்பெனியே மூடிப் பல வருடமாகிறதாம். கடை இருந்த மாடியிலும் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

இது அவள் முகவரிதானா என்று கண்டுபிடிக்க எனக்கிருப்பது ஒரே வழி. சீருடையைத் திருப்பிக் கொடுத்தவள் அன்றைக்குச் சொந்தப் புடவையில்தான் வந்திருப்பாள். அது மஞ்சளா? ஒரு வாரமாக யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை. எப்படி வரும்? அவள் படியிறங்கிப் போகும்வரை நான் தலை நிமிரவே இல்லை.