செவ்வாய்க்கிழமை மதராஸுக்கு

அருப்புக்கோட்டையில் மதுரை போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் புகைந்துகொண்டு நிற்கிறது. பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும். பட்டாளத்து மகன் குண்டடிபட்டு மதராஸ் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத் தந்தி வந்திருக்கிறது. ஆனாலும் இதில் ஏறாமல் விருதுநகர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

"அது எப்போது வருமோ! மதுரையிலேயே ரயில் ஏறலாமே?" என்கிறேன் எரிச்சலோடு.

"இன்னைக்கு வடக்கே சூலம்யா. மேக்க விருதுநகர் போயி ஏறிக்கிறோம்," என்கிறார் அவர்.

"அந்த ரயிலும் வடக்கேதானே போகும்?"

தந்தியை மடித்துப் பிடித்திருக்கும் அந்த அம்மா முதல்முறையாக நிமிர்கிறார்.

"அவனப் பட்டாளத்துக்கு அனுப்புனதும் ஒரு செவ்வாக்கிழமதான்யா. இதே மதுர பஸ்ஸுலதான் ஏத்திவிட்டோம்."

கண்டக்டர் கூப்பிடுகிறார். நான் மட்டும் ஏறுகிறேன்.