குலசாமியைத் தேடப் போய்

என் கணவர் எனக்கு என்ன முறை வேண்டும்? கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து ஒரு பெண்ணுக்கு வரக்கூடாத சந்தேகம்தான். ஆனால் வந்துவிட்டது. இன்றுவரை பதில் தெரியவில்லை.

எல்லாம் மகளின் முடியால் வந்தது. அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. முதல் மொட்டை இன்னும் அடிக்கவில்லை. குலசாமி கோயிலில்தான் அடிக்க வேண்டும் என்பது மாமியாரின் கட்டளை. அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. காலமாகிவிட்ட என் மாமனாரின் தாத்தா, பங்காளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு சொந்த ஊரை விட்டு வந்தவர். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நீ படிச்ச பொண்ணுதான, அந்த போன்ல தேடிப் பாரு கண்ணு" என்றார் அத்தை. "மூணு கல்லு இருக்கும். பக்கத்துல ஒரு புளியமரம். மாமா சொல்லியிருக்காரு."

தேடினேன். தருமபுரி மாவட்டத்தில் மூன்று கல்லும் ஒரு புளியமரமும் இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். என் அப்பா வீட்டுக் கோயிலில்கூட அவை உண்டு. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருமுறை கல் என்று நினைத்துக் கும்பிட்டது மூன்று எருமைகளை.

கடைசியில் முகநூலில், குலசாமி தேடுகிறவர்களுக்கென்றே ஒரு குழு இருப்பதைக் கண்டேன். தாத்தாவின் பெயர், அவர் செய்த மாட்டு வியாபாரம், சண்டை எல்லாவற்றையும் எழுதினேன். குடும்ப மானம் போய்விடுமோ என்று மூன்று முறை அழித்து, நான்காம் முறை போட்டேன். இரண்டு நாள் கழித்து, காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார்.

"மருமகளே! அவரு எங்க தாத்தாவோட தம்பி. கோயில் பொங்கப் பானையத் தூக்கிட்டு ஓடிப் போனவரு. அடியில ஒட்டுப் போட்ட வெங்கலப் பானை உங்க வூட்ல இருக்குதா?"

இருந்தது. அதில்தான் ராகி மாவு வைத்திருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோயில் படத்தை அனுப்பினார். மூன்று கல், புளியமரம், ஒரு காது உடைந்த நீலக் குதிரை. அந்தக் குதிரையை எனக்குத் தெரியும். அது என் அப்பா வீட்டுக் குலசாமி கோயில். போன ஆடியில் என் கணவர் மாப்பிள்ளை மரியாதையோடு மாலை போட்டுக்கொண்டு, கறிக்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அங்கேதான்.

"ஐயா, இது எங்கப்பா வூட்டு சாமிங்க" என்றேன்.

ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்ப நீ மருமக இல்ல... மகளா? அப்ப எங்க பையன்... இங்க டவர் சரியில்லம்மா" என்று வைத்துவிட்டார்.

அப்பாவிடம் கேட்டேன். "ஒரே கோயில நாலு வகையறா கும்புடுவாங்கம்மா. எல்லாரும் பங்காளி ஆயிடுவாங்களா?" என்றார். ஆறுதலாக இருந்தது. உடனே, "நெட்டுல போட்டத மொதல்ல அழி" என்றார். ஆறுதல் போய்விட்டது.

கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "அப்ப தீவாளிச் சீரு இனிமே நாந்தான் உனக்குச் செய்யணுமா?"

"இதுல என்னங்க சிரிப்பு?"

"பாப்பாவுக்கு மொட்டை அடிக்கத் தாய்மாமன் மடிதான வேணும்? உன் தம்பி எதுக்கு லீவு போடணும்? நானே உக்காந்துக்கறேன்."

தினமும் காலையில் அத்தை, "சாமி கெடச்சுதா கண்ணு?" என்கிறார். "நெட்டு ஸ்லோவா இருக்குதுங்க அத்தை" என்கிறேன். மகளின் முடி கண்ணை மறைக்கிறது. வேறு எங்காவது மூன்று கல்லைக் காட்டி, இதுதான் நம் சாமி என்று சொல்லிவிடலாமா என்றும் தோன்றுகிறது. அத்தை நம்பிவிடுவார். சாமிக்குத் தெரியாதா?

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா? அத்தையிடம் சொல்லலாமா, அப்பாவின் பேச்சை நம்பி நீலக் குதிரை முன்னாலேயே மொட்டை அடித்துவிடலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அத்தை தை மாதத்தில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்.