சாமுவேல் அளந்த பதினாறு இடங்கள்

சாமுவேல் இறந்த செய்தி எங்கள் சர்வேயர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கைகூப்பும் படங்களுக்கு நடுவே ஒருவர், "அந்த வெள்ள மேப்புல கோட்டை விட்டவர்தானே?" என்று கேட்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. நானும்தான். அவனைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நாசரேத்துக்காரன். தூத்துக்குடியில் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். அவனுக்கு வெயில், எனக்கு ஏசி அறை. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த அளவுகளில் மரங்களைக் கழித்துவிட்டு, தரையின் மேடுபள்ளத்தை மேப்பாக்குவது என் வேலை. அது சரிதானா என்று நேரில் போய் அளப்பது அவன் வேலை.

உப்பளங்களுக்குப் பின்னால், ஓடைக்கும் ஒரு குடியிருப்புக்கும் நடுவே அடர்ந்த உடைமுள் காடு. என் மேப்பில் அந்தக் காடு மேடாக இருந்தது. ஓடை பெருகினாலும் மேடு தடுத்துவிடும் என்று வீடுகளுக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தேன். சாமுவேல் அரிவாளோடு முள்ளுக்குள் புகுந்து இரண்டு நாள் அளந்தான். சட்டை கிழிந்து வந்து நின்றான்.

"ஏலே, ஓம் லேசரு தரையத் தொடவே இல்ல. கொப்புல பட்டுத் திரும்புனத நீ தரைன்னு போட்டுருக்க. அங்கன மேடாவது ஒண்ணாவது! ஆளு முங்குத பள்ளம்லே. இந்தக் கீறலுக்கெல்லாம் எம்பொண்டாட்டிகிட்ட நீதான் வந்து பதில் சொல்லணும்."

பதினாறு இடங்களின் உயரத்தை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டுத் தந்தான். மறுநாள் மேப்பை ஒப்படைக்க வேண்டும். இதைச் சேர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். எனக்கோ பதவி உயர்வு வரவிருந்த நேரம். அடுத்த திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"மழை ஒன் திருத்தத்துக்குக் காத்துக் கெடக்குமாலே?" என்றான்.

ஐப்பசியில் ஓடை அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் வீடுகளுக்குள் வந்தது. பச்சையை நம்பி அதிகாரிகள் யாரையும் முன்கூட்டி வெளியேற்றவில்லை. ஜனங்கள் மாடிகளில் ஏறித் தப்பித்தார்கள். கட்டிப்போட்ட ஆடுகள் செத்து மிதந்தன.

விசாரணையில் சாமுவேல், "அளந்து குடுத்தேன் சார்" என்று மட்டும் சொன்னான். யாரிடம் என்று கேட்டார்கள். என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பார்த்தான். நானாகச் சொல்வேன் என்று நினைத்திருக்கிறான், பைத்தியக்காரன். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நேரில் அளக்கவில்லை என்று எழுதி அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை.

அடக்கத்தன்று கம்பெனி பெயர் போட்ட மலர்வளையத்தை நான்தான் வைத்தேன். வெட்கம் கெட்ட கை. அவன் மனைவி தனியே வந்து கேட்டார்.

"அண்ணாச்சி, இவிய நெசமாவே அளக்காம விட்டுட்டாவளா? பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அளந்தான் அம்மா. பதினாறு இடத்திலும் சரியாக அளந்தான். மறைத்தவன் நான். அவன் கையெழுத்துள்ள அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. நாளை நாசரேத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். அதையும் தந்துவிட்டால், அவனுடையது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இருக்காது.