வாயால் சொன்ன உத்தரவு

ஜெகநாதனுக்குப் பயம் கூடவே பிறந்தது. தெருவில் நாய் படுத்திருந்தால், அது தூங்கினாலும் சரி, அடுத்த தெரு வழியாகச் சுற்றித்தான் போவார். தெலுங்குச் சீமையில், அல்வாலிலிருந்து பஸ் பிடித்து அரசாங்கக் கல்வி ஆபீஸ் ஒன்றுக்குப் போய், குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தே சூப்பரிண்டெண்ட் ஆனவர். அந்தக் கோடையோடு ரிட்டயர்மென்ட். பென்ஷன் மட்டும் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் ஒருத்தருக்கும் பயப்பட வேண்டாம் என்று பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

அப்போது பார்த்துத்தான் அந்த ஃபைல் அவர் மேஜைக்கு வந்தது. மாவட்டக் கல்வி அதிகாரியாக வருகிறவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்ற புது விதி. பத்து வருஷமாவது வகுப்பில் நின்று பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்று கமிட்டி ஒரு வரி வைத்திருந்தது.

ஜாயிண்ட் டைரக்டர் சாய்குமார் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஜெகநாதன் காரு, அந்தப் பத்து வருஷத்தை எடுத்துடுங்க. மேனேஜ்மென்ட் டிகிரி இருந்தா போதும்னு போடுங்க. ஊரே கம்ப்யூட்டராப் போச்சு, இன்னும் சாக்பீஸ் பிடிச்சவன்தான் வேணுமா?"

"சார், கமிட்டி..."

"கமிட்டியை நான் பாத்துக்கறேன். உங்க பென்ஷன் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெரிய இடத்து மாப்பிள்ளை ஒருத்தருக்காக இந்த ஏற்பாடு என்று ஆபீஸில் தூணுக்கும் தெரியும். மாப்பிள்ளை ஒருநாள்கூடப் பாடம் நடத்தியதில்லை.

வீட்டில் ஜெகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. சம்சாரம் தங்கம் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர், வாய்க்காரி.

"எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? என்னத்தைத் தொலைச்சீங்க?"

விஷயத்தைச் சொன்னார்.

"பிள்ளை ஒண்ணுக்குன்னு விரலைக் காட்டினா, அது நெசமா, வெளியே போக சாக்கான்னு மூஞ்சியைப் பாத்துச் சொல்லத் தெரியணும். அது தெரியாதவன் எனக்கு அதிகாரியா? எடுக்காதீங்க."

"எடுக்கலேன்னா பென்ஷன் போச்சு தங்கம்."

"எடுத்தா?"

"நாளைக்கு விசாரணைன்னு வந்தா மாட்டறது நான்தான். கையெழுத்து என்னுது."

"அப்ப மத்தளம்தான், ரெண்டு பக்கமும் அடி. ரசம் ஆறுது, சாப்பிடுங்க."

மறுநாள் சாய்குமார் சொன்னபடியே குறிப்பு எழுதினார். எழுதி முடித்ததும், என்றைக்கும் செய்கிற ஒன்றை அன்றைக்கும் செய்தார். மேலதிகாரி ஒன்றை வாயால் சொன்னால், இன்னார் இன்ன தேதியில் சொன்னபடி என்று அடியில் எழுதி வைப்பது அந்த ஆபீஸ் வழக்கம். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். துடைப்பம் வாங்கச் சொன்னால்கூட இவர் எழுதுவார், அத்தனை பயம். சாய்குமார் பெயரையும் தேதியையும் எழுதி அனுப்பிவிட்டார்.

ஃபைல் உள்ளே போன பிறகுதான் உறைத்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை, பெயரோடு எழுதியல்லவா கொடுத்துவிட்டோம். எழுந்து ஓடினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. சார் கூப்பிடுகிறார்.

"என்னய்யா இது? என் பேரை எழுதச் சொன்னேனா?"

"எழுதாம எப்படி சார்?" என்றார் ஜெகநாதன். "நானா மாத்தினேன்னு ஆயிடும். எனக்குப் பயமா இருக்கு சார்."

சாய்குமார் தாளைப் பார்த்தார். கிழிக்கவும் வழியில்லை, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருந்தது. விசாரணை வந்தால் இனி மாட்டுவது அவர். நேற்று இந்த மனுஷன் முகத்தில் இருந்த பயம் இன்றைக்கு அவர் முகத்துக்கு இடம் மாறிவிட்டது. பேனாவை எடுத்து, 'பரிசீலித்தேன். கமிட்டி சொன்னபடியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"போங்க."

பத்து வருஷ வரி அப்படியே நின்றது. ஆனால் பென்ஷன் பேப்பரும் அந்த மேஜையிலேயே நின்றுவிட்டது. ஜெகநாதன் ரிட்டயர் ஆனார். மாலை போட்டவர்கள் எல்லாரும் அவரைத் தைரியசாலி என்று பேசினார்கள். பேசப் பேச அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், சாய்குமார் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று. அதற்குப் பிறகு தபால்காரர் தெருவில் நுழைந்தாலே கொல்லைப்பக்கம் போய்விடுவார். தங்கம் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது.

தீபாவளி கழிந்துதான் பென்ஷன் உத்தரவு வந்தது.

"இனிமே யாருக்குப் பயம்?" என்றாள் தங்கம்.

"மெதுவாப் பேசு. குடுத்ததைத் திருப்பி வாங்கிடப் போறாங்க."

பேங்குக்குப் புறப்பட்டார். தெருமுனையில் நாய் படுத்திருந்தது. சுற்றித்தான் போனார்.