ஆங்கிலத்தில் இல்லாத முதல் படி

அம்மா போய் ஒரு வருடம் ஆகவில்லை, ஆட்டைத் திவசம் இன்னும் வரவில்லை. அதனால் இதை எழுதும்போது நடுவில் அழுதுவிட்டு வந்து எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜேர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் ஆள் ஒருவர் நடத்தும் மொழிபெயர்ப்புக் கந்தோரில், வந்த மொழிபெயர்ப்புகளைக் கணினியில் பக்கமாக அமைப்பது என் வேலை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கையேடு வந்த நாள்

அம்மா போன கொஞ்ச நாளில் முதலாளி அண்ணை என் மேசையில் ஒரு ஆங்கிலக் கையேட்டை வைத்தார். அட்டையைப் பார்த்ததும் அதைக் குப்புறத் திருப்பி வைத்தேன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு, வயிற்றில் வைத்த ட்யூப் வழியாக மருந்துத் தண்ணீரை விட்டு எடுக்கும் முறைக்கான கையேடு அது. வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு தரம் அந்தத் தண்ணீர்ப் பையை மாற்ற வேண்டும். கை சுத்தமில்லாவிட்டால் கிருமி உள்ளே போய் உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு நான்தான் மாற்றினேன். அம்மா போனது அதனால் இல்லை, இருதயம் நின்றுவிட்டது.

“பிள்ளை, இது ஆர்மேனிய மொழிக்குப் போகுது. உனக்கு மொழி தெரியத் தேவையில்லை. வேலை தெரியும்தானே?”

“எனக்கு ஏலாது அண்ணை.”

“ஏலாட்டி விடு. ஆனா இஞ்ச உன்னை விட்டா ஆருக்குத் தெரியும்?”

அழுதேன். பிறகு ஓம் என்றேன். அண்ணை பயந்துபோய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி போடவில்லை.

கை பார்க்கிறது

மொழிபெயர்த்தவர் அனாஹித் அக்கா. யெரெவானில் ஆங்கிலம் படிப்பித்தவர். நாங்கள் பேசுவது ஜேர்மன் மொழியில். இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அக்கா என்றால் என்ன என்று முதல் நாள் கேட்டார். சொன்னேன். பிறகு அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

இந்த மாதிரிக் கையேடுகளை எங்கள் கந்தோரில் வாசித்து மட்டும் சரி பார்ப்பதில்லை. அந்த மொழி மட்டும் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்து வேலையைச் செய்வார். ஆங்கிலப் பிரதியோடு ஒருவர் பக்கத்தில் நின்று அவருடைய கையைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெயரே ‘கை பார்க்கிறது’.

அதற்காக நானும் அக்காவும் போன ஆஸ்பத்திரியில் அப்போது கரென் என்ற ஆர்மேனியர் இருந்தார். அவருடைய மனைவி சூசன்னா பிழையில்லாமல் பை மாற்றிக் காட்டினால் அன்றைக்கே கரென் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் வாரத்துக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் வந்து கிடக்க வேண்டும். கரென் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கட்டிலில் தயாராகப் படுத்திருந்தார்.

சூசன்னா ஆர்மேனியக் கையேட்டை வாசித்து வாசித்துச் செய்தார். ஜன்னலைப் பூட்டினார். மாஸ்க் போட்டார். கையை நன்றாகக் கழுவினார். பிறகு கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை எடுத்து, மாஸ்க்குக்கு மேலாலேயே உதட்டில் ஒற்றிக் கொஞ்சிவிட்டு, அதே கையால் ட்யூபைப் பிடிக்கப் போனார்.

“ஹால்ட்! நிப்பாட்டுங்கோ!” என்று நர்ஸ் மோனிக்கா கத்தினார்.

இரண்டாம் தரமும் அதே சிலுவை.

“இன்னும் ஒருக்காத்தான். அதுவும் பிழைச்சா இண்டைக்கு வீடு இல்லை,” என்றார் மோனிக்கா.

கழுவின பிறகு எதையும் தொடாதீர்கள் என்ற வரியை அனாஹித் அக்கா விரலால் காட்டினார். சூசன்னாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா எனக்குச் சொன்னார்: “ஒண்டையும் தொடேல்லையாம். சிலுவையைத் தொட்டனீங்கள் எண்டு சொன்னா, ‘சிலுவை என்ன கதவுப் பிடியோ?’ எண்டு கேக்கிறா.”

கரென் கட்டிலில் இருந்து ஏதோ சொன்னார். அக்கா சிரித்தேவிட்டார். “கலியாணம் கட்டின நாளிலயிருந்து தன்னைவிடச் சிலுவையைத்தான் கூடக் கொஞ்சுறாவாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவும் இப்படித்தான். நான் கை கழுவி வந்த பிறகுதான் “திருநீறைப் பூசி விடு பிள்ளை” என்பார். “கை ஊத்தையாப் போயிடும் அம்மா” என்றால், “திருநீறு ஊத்தையோ?” என்று வயிற்றைக் கையால் மூடிக்கொள்வார். கடைசியில் திருநீறை முதலில் பூசிவிட்டுப் பிறகு கழுவினேன். அதற்குப் பிறகு அம்மா ஒரு நாளும் மறிக்கவில்லை.

“அக்கா, சிலுவையைக் கொஞ்சுறதை முதலாவது படியாப் போடுங்கோ. மாஸ்க்குக்கும் முதல்.”

“ஆங்கிலத்தில இல்லாததை நான் எழுதக் கூடாது. மொழிபெயர்க்கிறதுதான் என்ரை வேலை.”

“அப்ப கரென் வீட்டை போகேலாது.”

அக்கா சொன்னது பிழையில்லை. இந்தத் தொழிலின் முதல் சட்டமே அதுதான். எனக்குத்தான் அன்றைக்குச் சட்டம் பிடிக்கவில்லை. அக்கா மோனிக்காவிடம் போய்க் கேட்டார்.

“கழுவ முதல் அவ எதைக் கொஞ்சினாலும் எனக்கென்ன? எழுதுங்கோ. ஆர் கேட்டாலும் நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ.”

அக்கா பேனையால் பக்கத்தின் மேலே ஒரு வரி எழுதினார். சூசன்னா அதை வாசித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிலுவையை அவசரமில்லாமல் ஆறுதலாகக் கொஞ்சினார். சங்கிலியைச் சட்டைக்குள் தானே விட்டார். பிறகு மாஸ்க், பிறகு கை. ட்யூபின் மூடியைத் திருகிப் பூட்டும் வரைக்கும் அவருடைய கை வேறெங்கும் போகவில்லை. நான் பார்த்தேன். கண் கலங்கினாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மோனிக்கா தலையாட்டினார். கரென் எழும்பித் தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வெட்டட்டே?

அண்ணை கையேட்டை அனுப்பிய கொம்பனிக்கு எழுதி அனுமதி வாங்கிய பிறகுதான் அந்த வரி அச்சுக்குப் போனது. போன கிழமை கந்தோருக்குப் புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அக்கா, ஆர்மேனியனில ஒரு படி கூடக் கிடக்கு. வெட்டட்டே?”

“வெட்டாதை. கேட்டுத்தான் போட்டது.”

நான் படித்தது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதினவருக்குச் சொல்லத் தோன்றாதது, வாசிக்கிறவருக்குத் தேவையாக இருக்கலாம். அது அகராதியில் கிடைக்காது. கையைப் பார்க்க வேண்டும். சேர்ப்பதென்றால் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கரென் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தரம் பை மாறுகிறது. அம்மாவுக்கு மாற்றிய அந்த நேரங்களில் எனக்குத்தான் கை சும்மா இருக்கிறது.